அலை எண் கணக்கில் விடை பிசகுகிறதா? பிழையின் விகிதத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

விடை தவறு என்று தெரிந்ததும் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். 6.28 வருகிறதா, 10,000 வருகிறதா, 1.0003 வருகிறதா? அலை எண் தொடர்பான கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். இங்கே பிழைகள் கண்டபடி நேர்வதில்லை. திரும்பத் திரும்ப ஒரு சில இடங்களில்தான் நேர்கின்றன, ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை முழு அலைகள் அடங்குகின்றன என்ற எண்ணிக்கைதான் அலை எண். அதாவது அலைநீளத்தின் தலைகீழ். 500 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஒரு சென்டிமீட்டருக்குள் 20,000 அலைகள் அடங்கும். அதனால் அதன் அலை எண் 20,000 செ.மீ.⁻¹. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து ஆராயும் நிறமாலையியலில் புழங்குவது இதுதான். ஆனால் அலை இயக்கத்தைப் படிக்கும்போது இதே பெயரால் வேறொன்றையும் அழைக்கிறார்கள்: குறிப்பிட்ட தூரத்தில் அலையின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) எத்தனை ரேடியன் மாறுகிறது என்ற அளவு. ஒரு முழு அலைக்குக் கட்டம் 6.2832 ரேடியன், அதாவது பையின் இரு மடங்கு மாறுகிறது. எனவே அதே பச்சை ஒளிக்கு இந்த அளவு சென்டிமீட்டருக்கு 1,25,664 ரேடியன். இதைக் கோண அலை எண் என்று அழைக்கிறேன். இரண்டும் பயனுள்ளவை. இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்ததுதான் தொல்லை.

அறிகுறி: விடை 6.28 மடங்கு கூடியோ குறைந்தோ வருகிறது

கோண அளவு ஒன்றையும் சாதாரண அளவு ஒன்றையும் கலந்துவிட்டீர்கள். இதில் சந்தேகமே வேண்டாம்.

கடல் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் கோண அதிர்வெண்ணின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கோண அலை எண்ணால் பெருக்கியதற்குச் சமம். 10 நொடிக்கு ஒருமுறை வரும் அலைக்குக் கோண அதிர்வெண் 0.628, வர்க்கம் 0.395. இதை 9.81 ஆல் வகுத்தால் 0.0402. இந்த இடத்தில் பலர் நேராகத் தலைகீழ் எடுத்து அலைநீளம் 25 மீட்டர் என்று எழுதுகிறார்கள். கிடைத்தது கோண அலை எண். அதன் தலைகீழ் அலைநீளம் அல்ல. 6.2832 ஐ அதனால் வகுத்தால் வரும் 156 மீட்டர்தான் சரி. 10 நொடி இடைவெளியில் வரும் பெருங்கடல் அலை 25 மீட்டர் நீளம்தான் இருக்கும் என்பதைக் கடற்கரையில் நின்று பார்த்த எவரும் ஏற்க மாட்டார். ஆனால் தாளில் அது ஒழுங்கான விடையைப் போலவே தோன்றுகிறது.

குவாண்டம் கணக்கில் இதே பிழை பிளாங்க் மாறிலி வழியாக நுழைகிறது. உந்தம் வேண்டுமென்றால் பிளாங்க் மாறிலியை அலை எண்ணோடு பெருக்குங்கள், அல்லது 6.2832 ஆல் வகுக்கப்பட்ட, மேலே கோடு போட்ட பிளாங்க் மாறிலியைக் கோண அலை எண்ணோடு பெருக்குங்கள். ஜோடி மாறக்கூடாது. ஆற்றலில் உந்தம் வர்க்கமாக வருவதால் பிழையும் வர்க்கமாகி 39.5 மடங்காகும். 1 நானோமீட்டர் அலைநீளமுள்ள எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 1.50 எலக்ட்ரான் வோல்ட். உங்களுக்கு 59.4 வந்தால் கோடு போடாத மாறிலியைக் கோண அலை எண்ணோடு சேர்த்திருக்கிறீர்கள். 0.038 வந்தால் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறீர்கள்.

இதற்கு நான் சொல்லித்தரும் மருந்து எளியது. ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை என்பதற்காக அதை எழுதாமல் விடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் "ரேடியன்/மீட்டர்", "அலை/மீட்டர்" என்று அலகை முழுதாக எழுதினால் கலப்படம் கண்ணில் பட்டுவிடும்.

அறிகுறி: 100 அல்லது 10,000 மடங்கு பிசகு

அலகு மாற்றம். 1 செ.மீ.⁻¹ என்பது 100 மீ.⁻¹. சென்டிமீட்டரை மீட்டராக்க நூறால் வகுத்துப் பழகிய கை, இங்கேயும் வகுத்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டருக்குள் 2,349 அலைகள் என்றால் ஒரு மீட்டருக்குள் 2,34,900 அலைகள் இருக்கத்தானே வேண்டும்? மாற்றவே மறந்தவருக்குப் பிழை 100 மடங்கு. தப்பான திசையில் மாற்றியவருக்கு 10,000 மடங்கு. இதனால்தான் விகிதத்தைப் பாருங்கள் என்கிறேன்: இரண்டும் வேறு வேறு தவறுகள்.

சரிபார்க்கச் சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியை நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் செ.மீ.⁻¹ கிடைக்கும், மைக்ரோமீட்டர் என்றால் 10,000 ஐ வகுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 14,000 முதல் 25,000 வரை. வேதியியல் ஆய்வகத்து அகச்சிவப்பு நிறமாலை 4,000 முதல் 400 வரை. ஓர் எலக்ட்ரான் வோல்ட் 8,065.5 செ.மீ.⁻¹. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 207 செ.மீ.⁻¹ அளவு. மேலே சொன்ன 2,349 செ.மீ.⁻¹, கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியை உட்கவரும் இடம்; அதை 8,065.5 ஆல் வகுத்தால் 0.291 எலக்ட்ரான் வோல்ட். இதைச் சுற்றிவளைத்துக் கணக்கிட்டு 0.000029 என்று கொண்டுவந்தால், அந்த விடை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: அலை எதிர்த்திசையில் போகிறது

அலை எண்ணுக்குக் குறி உண்டு. கட்டத்தில் தூரத்தின் உறுப்பும் நேரத்தின் உறுப்பும் எதிரெதிர்க் குறிகளோடு இருந்தால் அலை வலப்பக்கம் நகரும். ஒரே குறி என்றால் இடப்பக்கம். நேரத்தைச் சற்றே கூட்டி, கட்டம் மாறாமல் இருக்கத் தூரம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று பாருங்கள். போதும்.

அறிகுறி: ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு பத்தாயிரத்தில் மூன்று பங்கு தள்ளி விழுகிறது

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது, ஏனென்றால் இதில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

பாமர் 1885 இல் ஹைட்ரஜன் கோடுகளுக்கு வாய்பாடு கண்டபோது அலைநீளத்தில்தான் எழுதினார். ஸ்வீடனின் லுண்டில் இருந்த ரிட்பெர்க் அதை அலை எண்ணில் எழுதினார். எழுதியதும், வெவ்வேறு தனிமங்களின் வரிசைகள் எல்லாம் ஒரே வடிவத்துக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு கோடும் இரண்டு எண்களின் வித்தியாசம். இது தற்செயல் அல்ல. ஒளியின் ஆற்றல் அலை எண்ணுக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளைக் கழிப்பதே அலை எண்ணைக் கழிப்பதாக ஆகிறது. அலைநீளங்களைக் கழித்தால் அப்படி எந்தப் பொருளும் கிடைக்காது.

இப்போது கணக்கு. அந்த வாய்பாட்டில் வரும் பெருக்கெண்ணான ரிட்பெர்க் மாறிலி, மாறிலிகளின் பட்டியலில் 1,09,737.32 செ.மீ.⁻¹. சிவப்புக் கோட்டுக்கு அதை 5/36 ஆல் (1/4 இலிருந்து 1/9 ஐக் கழித்தது) பெருக்கினால் 15,241.3; அலைநீளம் 656.11 நானோமீட்டர். கோடுகளின் அட்டவணை சொல்வதோ 656.28. இடைவெளி 0.17.

முதல் காரணம்: பட்டியலில் உள்ள மாறிலி, அணுக்கரு அசையாமல் முடிவிலா நிறையோடு இருப்பதாகக் கொண்டது. புரோட்டான் எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனமானது. கனமே தவிர முடிவிலி அல்ல. திருத்தினால் ஹைட்ரஜனுக்குரிய மாறிலி 1,09,677.58. மறுபடி போட்டால் 656.47. இப்போது விடை 0.19 அதிகம்! ஒரு பிழையைத் திருத்திய பின்னும் பிசகு அதே அளவில் எதிர்ப்பக்கம் நிற்பதைப் பார்த்துப் பலர் திருத்தமே தவறு என்று முடிவுகட்டிப் பழைய மாறிலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். இரண்டாவது காரணம் காற்று. வாய்பாடு தருவது வெற்றிடத்து அலை எண். அட்டவணையில் கண்ணுறு ஒளிக் கோடுகளுக்குப் பெரும்பாலும் காற்றில் உள்ள அலைநீளத்தையே தருகிறார்கள். காற்றின் ஒளிவிலகல் எண் இந்த நிறத்துக்கு 1.000276. 656.47 ஐ அதனால் வகுத்தால் 656.29. வந்துவிட்டோம்.

ஊடகத்துக்குள் நுழையும்போது அதிர்வெண் மாறுவதில்லை, அலைநீளம் சுருங்குகிறது, ஆகவே அலை எண் கூடுகிறது. காற்றுக்கு இது சிறிய திருத்தம். 1.5 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடிக்கு நமது 20,000 அலைகள் 30,000 ஆகிவிடும். நிறமாலையியலில் அலை எண் என்று மட்டும் சொன்னால் வெற்றிடத்து மதிப்பைத்தான் குறிக்கும். குறுக்கீட்டு விளைவைக் கணக்கிடும்போது மட்டும் ஊடகத்துக்குள் உள்ள மதிப்பு வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கல்லூரி ஆய்வகத்தில் கீற்றணியும் (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு) நிறமாலைமானியும் வைத்து எடுத்த அளவீட்டில் உள்ள பிசகுக்கு இந்தக் காரணங்களைச் சொல்லாதீர்கள். சென்டிமீட்டருக்கு 6,000 கோடுகள் உள்ள கீற்றணியில், முதல் வரிசையில், ஒரு கலை கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஏறத்தாழ 0.45 நானோமீட்டர். வெர்னியர் ஒரு கலைதான் காட்டும் என்றால் 0.17 நானோமீட்டரை அந்தக் கருவி பார்க்கவே முடியாது. பதிவேட்டில் "காற்றின் ஒளிவிலகலால் பிழை" என்று எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அது தெரிந்த ஒன்றைத் தெரியாத இடத்தில் ஒட்டவைப்பது.

நல்ல கருவி இருந்தால் இந்தச் சின்னஞ்சிறு பிசகு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்க வேதியியலாளர் யூரே சாட்சி. அணுக்கரு இரு மடங்கு கனமானால் சிவப்புக் கோடு 0.18 நானோமீட்டர் குறுகிய அலைநீளப் பக்கம் நகர வேண்டும். பாமர் வரிசைக் கோடுகளின் அருகே அப்படிப்பட்ட மங்கலான துணைக்கோடுகளைத் தேடித்தான் 1931 இல் யூரேயும் உடன் உழைத்தவர்களும் டியூட்டிரியத்தை, அதாவது கன ஹைட்ரஜனைக் கண்டார்கள். அதற்காக யூரேவுக்கு 1934 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிகுறி: கோட்டின் அகலத்தையோ கோடுகளின் இடைவெளியையோ அலை எண்ணாக மாற்றினால் கோடிக்கணக்கில் எண் வருகிறது

சோடியத்தின் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு இடைவெளி 0.597 நானோமீட்டர். ஒரு கோடியை 0.597 ஆல் வகுத்து 1.68 கோடி செ.மீ.⁻¹ என்று எழுதினால் அது எக்ஸ் கதிர்களின் பக்கத்து எண். இடைவெளியைத் தலைகீழாக்கக் கூடாது. இரண்டு கோடுகளையும் தனித்தனியே அலை எண்ணாக்கி அதன்பின் கழிக்க வேண்டும். விடை 17.2 செ.மீ.⁻¹.

சிறிய அகலங்களுக்குக் குறுக்குவழி உண்டு: அகலத்தை ஒரு கோடியால் பெருக்கி, அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 500 நானோமீட்டரில் 1 நானோமீட்டர் அகலம் 40 செ.மீ.⁻¹, 1,000 இல் அதே அகலம் 10, 10,000 இல் 0.1. "1 நானோமீட்டர் பிரிதிறன்" (கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) என்பது எந்த இடத்தில் என்று சொல்லாமல் பொருளற்றது என்பதை இந்த மூன்று எண்களும் சொல்கின்றன.

இராமன் நிறமாலையில் இதே தவறு தினமும் நடக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட விளைவில், சிதறிய ஒளி மூலக்கூறுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வருகிறது. எந்த நிற ஒளியைப் பாய்ச்சினாலும் கொடுக்கும் ஆற்றல் அதேதான். சிலிக்கானுக்கு அது 520.5 செ.மீ.⁻¹. 532 நானோமீட்டர் லேசரின் அலை எண் 18,797; கழித்தால் 18,276.5, அதாவது 547.15 நானோமீட்டர். 785 நானோமீட்டர் லேசரில் அதே சிலிக்கான் 818.4 இல் வரும். நானோமீட்டரில் நகர்வு முதலாவதில் 15, இரண்டாவதில் 33. செ.மீ.⁻¹ இல் இரண்டும் ஒன்று. இராமன் நகர்வை ஏன் அலை எண்ணில் மட்டுமே சொல்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு இந்த இரண்டு வரிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள் என்பேன். விளக்கத்தைவிட அது ஆழமாகப் பதிகிறது.

அறிகுறி: முகடுகள் எல்லாம் இடம் மாறி நிற்கின்றன

எப்படி மாறின என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு.

எல்லா முகடுகளும் ஒரே அளவு நகர்ந்திருந்தால், கழிக்கும் எண் தவறு. இராமன் கருவியின் மென்பொருளில் லேசர் 532.0 என்று பதிந்திருக்க, லேசர் உண்மையில் 532.2 இல் வேலை செய்தால் ஒவ்வொரு முகடும் 7 செ.மீ.⁻¹ கூடுதலாகக் காட்டும், சிலிக்கான் 527.6 இல் நிற்கும். சிலிக்கானை அளந்து லேசரின் மதிப்பைத் திருத்துங்கள்.

நகர்வு அலை எண்ணுக்கு விகிதமாக வளர்ந்தால், அளவுகோலே நீண்டோ சுருங்கியோ இருக்கிறது. எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் (நகரும் கண்ணாடியைக் கொண்டு அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் கருவி) கண்ணாடி நகரும் தூரத்தை ஒரு ஹீலியம்-நியான் லேசர்தான் அளந்து சொல்கிறது. அந்த லேசர் ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் ஒரே கோட்டில் செல்லாவிட்டால் அளவுகோல் கெடும். முகடுகளின் இடம் முன்பே தெரிந்த பாலிஸ்டைரீன் படலத்தை வையுங்கள். 3,060 முகடு 3 பிசகி, 1,601 முகடு 1.6 பிசகினால் இதுவே காரணம். ஒரே ஒரு முகட்டை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கருவி சரியாக இருக்கிறது என்று சான்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒரு புள்ளியால் இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறிய முடியாது.

அறிகுறி: அகச்சிவப்பு நிறமாலையில் வேண்டாத முகடுகள்

2,349 ஐ ஒட்டி இரட்டை மேடு தெரிந்தால் அது உங்கள் மூச்சு. மாதிரியைப் பொருத்தும்போது கருவிக்குள் போன கார்பன் டை ஆக்சைடு. 1,400 முதல் 1,800 வரையிலும் 3,500 முதல் 3,900 வரையிலும் மெல்லிய ஊசிகள் தெரிந்தால் நீராவி. தலைகீழாகத் தெரிந்தால், மாதிரி இல்லாமல் பின்னணி எடுத்தபோது இவை அதிகம் இருந்தன என்று பொருள். கருவியை மூடிச் சில நிமிடங்கள் காத்திருந்து பின்னணியை மறுபடி எடுங்கள்.

சீரான அலையலையான கோடு தெரிந்தால் அதை அழிக்க அவசரப்படாதீர்கள். மெல்லிய படலத்தின் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கீடு அது. அடுத்தடுத்த மேடுகளின் இடைவெளி அலை எண்ணில் எங்கும் ஒன்றாகவே இருக்கும். அலைநீளத்தில் வரைந்தால் அந்த ஒழுங்கு தெரியாது. இடைவெளியை ஒளிவிலகல் எண்ணின் இரு மடங்கால் பெருக்கித் தலைகீழ் எடுத்தால் படலத்தின் தடிமன் சென்டிமீட்டரில் கிடைக்கும். ஒளிவிலகல் எண் 1.59 உள்ள பாலிஸ்டைரீனில் இடைவெளி 63 செ.மீ.⁻¹ என்றால் தடிமன் 0.005 செ.மீ., அதாவது 50 மைக்ரோமீட்டர். படலத்தைத் தொடாமலே அளந்துவிட்டீர்கள்.

முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் பிரிதிறன் போதவில்லை. எஃப்.டி.ஐ.ஆரில் பிரிதிறன் என்பது, இரண்டாகப் பிரிந்து செல்லும் ஒளிக்கற்றைகளின் பாதை வேறுபாட்டின் தலைகீழ்: 4 செ.மீ.⁻¹ க்குக் கால் சென்டிமீட்டர், 1 செ.மீ.⁻¹ க்கு ஒரு சென்டிமீட்டர். கண்ணாடி அதில் பாதி தூரம் நகர்ந்தால் போதும்.

அறிகுறி: வரைபடத்தை அலை எண்ணுக்கு மாற்றியதும் உச்சி வேறிடம் போய்விட்டது

இதைப் பிழை என்று எண்ணி நாள்கணக்கில் தேடியவர்களை அறிவேன். சூரியப் பரப்பின் வெப்பநிலை 5,772 கெல்வின். வெப்பநிலையிலிருந்து உச்சியின் அலைநீளத்தைத் தரும் வியன் விதிப்படி கதிர்வீச்சின் உச்சி 502 நானோமீட்டரில். அதே கதிர்வீச்சை அலை எண்ணில் வரைந்தால் உச்சி 11,319 செ.மீ.⁻¹ இல் வருகிறது. அலைநீளமாக மாற்றினால் 883 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு! எது உண்மையான உச்சி?

இரண்டும் சரி. முதல் வரைபடம் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் எவ்வளவு ஆற்றல் என்று சொல்கிறது. இரண்டாவது ஒவ்வொரு செ.மீ.⁻¹ க்கும் எவ்வளவு என்று சொல்கிறது. 1 நானோமீட்டர் பெட்டிக்குள் 500 இல் 40 செ.மீ.⁻¹ அடங்கும், 1,000 இல் 10 தான் அடங்கும் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பெட்டிகளின் அளவு மாறுவதுதான் உச்சியை நகர்த்துகிறது. ஆகவே கிடைமட்ட அச்சை மட்டும் மாற்றினால் வரைபடம் தவறாகும். செங்குத்து அச்சில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஒளிர்வு நிறமாலைகளை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றுபவர்களுக்கும் இதுவே விதி. ஆனால் உட்கவர்தல் நிறமாலைக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம். அங்கே செங்குத்து அச்சு ஒரு விகிதம், பெட்டியின் அகலத்தைப் பொறுத்தது அல்ல.

பூமியின் கதிர்வீச்சில் இது விவாதமாகவே ஆகிவிடுகிறது. 288 கெல்வினுக்கு அலைநீள வரைபடத்தின் உச்சி 10 மைக்ரோமீட்டரில். அலை எண் வரைபடத்தின் உச்சி 565 செ.மீ.⁻¹ இல், அதாவது 17.7 மைக்ரோமீட்டரில். கார்பன் டை ஆக்சைடு உட்கவரும் 667 செ.மீ.⁻¹, அதாவது 15 மைக்ரோமீட்டர், இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஒரு வரைபடத்தில் அது உச்சிக்கு நீண்ட அலைநீளப் பக்கம், மற்றதில் குறுகிய அலைநீளப் பக்கம். உச்சியை மட்டும் பார்த்து "அந்த வாயு முக்கியமான இடத்தில் உட்கவரவில்லை" என்று வாதிடுபவரிடம் உச்சியை விட்டுவிட்டுப் பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். 600 முதல் 700 செ.மீ.⁻¹ வரை உள்ள ஆற்றலும் 14.3 முதல் 16.7 மைக்ரோமீட்டர் வரை உள்ள ஆற்றலும், எந்த அச்சில் வரைந்தாலும், ஒன்றாகவே இருக்க வேண்டும். அவை ஒத்துவராவிட்டால்தான் உங்கள் மாற்றத்தில் பிழை இருக்கிறது; அப்போது அலைநீளத்தின் வர்க்கம் விடுபட்டதா என்று முதலில் பாருங்கள்.